விலாசமும் விதிமுறையும்

வடமதுரைக்குச் செல்லும் கடிதத்தின் மேல் 624802 என்ற எண்ணை எழுதுகிறோம். இவ்வகை அஞ்சல் குறியீட்டு எண் 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முதலில் நிற்கும் 6 தமிழகம், கேரளம் முதலிய தென்பகுதியைக் குறிக்கும். 624 திண்டுக்கல் வட்டாரத்தைக் குறிக்கும். எஞ்சிய மூன்று இலக்கங்கள் வடமதுரை அஞ்சலகத்தைச் சுட்டும். தில்லியில் கடிதம் பிரிப்பவர் வடமதுரை எங்குள்ளதென அறிய வேண்டுவதில்லை. முதல் இலக்கத்தை நோக்கித் தெற்கே அனுப்பினால் போதும்.

மாணவ நண்பர்களே, இணையத்தின் அடிப்படையும் இதுவே என்று நான் கூறுவேன். அங்கும் கணிப்பொறியின் எண்விலாசத்தில் முற்பகுதி வலைப்பின்னலையும், பிற்பகுதி அதனுள் இருக்கும் பொறியையும் குறிக்கின்றன. இடையில் நின்று வழிகாட்டும் கருவி முற்பகுதியை மட்டும் நோக்கிச் செய்தியைத் தள்ளிவிடுகிறது.

வெவ்வேறு வலைப்பின்னல்கள் ஒன்றோடொன்று உரையாட ஒரு பொதுவிதி வேண்டுமென்று விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1974இல் எழுதினர். அதிலிருந்து இரு விதிமுறைகள் பிறந்தன. செய்தியின் ஒவ்வொரு துண்டுக்கும் விலாசமிட்டு அனுப்புவது ஐ.பி.; துண்டுகளை வரிசைப்படுத்தி, வந்து சேராததை மீண்டும் அனுப்பச் செய்வது டி.சி.பி. முன்பு ஒப்புதல் அட்டையோடு சென்ற பதிவுத் தபாலைப் போன்றது பின்னது. அமெரிக்காவின் அர்ப்பாநெட் 1983 ஜனவரி முதல் நாளன்று இவ்விதிகளுக்கு மாறியது.

நம் நாட்டில் 1986இல் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்ட உதவியோடு எர்நெட் தோன்றியது. அதில் முதலில் இணைந்த நிறுவனங்களுள் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் ஒன்று. உலகத் தரநிறுவனம் வகுத்த ஓ.எஸ்.ஐ. என்ற போட்டி முறையையும் எர்நெட் கையாண்டு பார்த்தது. ஆயினும் 1995க்குப் பின் டி.சி.பி./ஐ.பி. முறையே அங்கு நிலைத்தது. குழுக்கள் கூடி வகுத்த விரிவான திட்டத்தை, ஏற்கெனவே பொறிகளில் இயங்கிவந்த எளிய முறை வென்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் பொதுமக்களுக்கும் இணைய வாயில் திறந்தது.

1981இல் வகுத்த விலாசம் 32 இரும இலக்கங்கள் கொண்டது. அதனால் கிடைப்பவை 429,49,67,296 எண்கள். அன்று அது வற்றாத கடலாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் 2011 பிப்ரவரி 3ஆம் நாள் உலகப் பொதுக் களஞ்சியம் தீர்ந்தது. மிஞ்சியிருந்த கடைசித் தொகுதிகள் ஐந்து வட்டார அமைப்புகளுக்குப் பங்கிடப்பட்டன. வீடு முழுவதும் ஒரே விலாசத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு நெருக்கடியைத் தணித்தது. 128 இலக்க விலாசமே நிலையான தீர்வு. ஆனால் பழையதும் புதியதும் நேரே உரையாட இயலாமையால் மாற்றம் மெல்லவே நிகழ்கிறது.

எண்ணை வகுப்பவன் தன் காலத்துத் தேவையை மட்டும் அளந்தால், வருங்காலத் தலைமுறை நெருக்கடிப்படும். நாளை இத்தகைய விதிகளை வகுக்கப்போகும் நீங்கள் இதனைக் கருத்தில் இருத்துவீர்களாக.