கடல் கடந்த கல்லும் சொல்லும்

"கடாரம் கொண்டான்" என்னும் பெருமிதச் சொல் ஒலியாத ஆண்டு விழா மேடை நமக்கு இல்லை. இவ்வாண்டும் பெரியவர் ஒருவர் அதனை எடுத்துரைப்பார். நாமும் மகிழ்ந்து கைதட்டுவோம். அது தவறன்று. முதலாம் இராசேந்திரன் கி.பி. 1025ஆம் ஆண்டில் கப்பற்படை அனுப்பி, ஸ்ரீவிசயப் பேரரசின் துறைமுகங்கள் பலவற்றைத் தாக்கினான் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டே சான்றாக நிற்கின்றது. ஆயினும் படை திரும்பிய பின்னர் அந்நாடுகளில் நம்முடையதாக எஞ்சியது யாது என்னும் வினாவை எவரும் எழுப்ப நான் கேட்டதில்லை. ஒரு நாட்டார் பிறிதொரு நாட்டிற்குச் சென்றால், அவர்தம் மொழியும் சமயமும் வழக்கமும் சில இடங்களில் வேரூன்றி மரமாகின்றன. சில இடங்களில் ஒரு கல்வெட்டாக மட்டும் நிற்கின்றன. சில இடங்களில் அதுவும் இல்லை. இவ்வேறுபாடு எதனால் வருவது என ஆராய்தல், ஊரை விட்டு வந்து இக்காலனியில் குடியிருக்கும் நமக்கு வெறும் பொழுதுபோக்கன்று.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற இடம் வியத்நாம் நாடு. ஒரே கடற்கரையில், வடக்கே சீனப் பண்பாடும் தெற்கே இந்தியப் பண்பாடும் பல நூற்றாண்டுகள் அருகருகே வாழ்ந்தன. வடபகுதியைச் சீனப் பேரரசு கி.மு. 111இல் கைப்பற்றியது. கி.பி. 938இல் ங்கோ குயென் என்னும் தலைவன் பாக் டாங் ஆற்றில் சீனக் கப்பல்களை முறியடிக்கும் வரையில், இடையிடையே கிளர்ச்சிகள் எழுந்தபோதிலும், ஆட்சி சீனருடையதாகவே இருந்தது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள்! அத்துணைக் காலம் ஆண்டும் வியத்நாமியரைச் சீனராக மாற்ற இயலவில்லை. கி.பி. 40இல் எதிர்த்தெழுந்த துருங் சகோதரியரை அம்மக்கள் இன்றும் வணங்குகின்றனர்.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. ஹனோய் நகரில் கன்பூசியருக்கு எடுக்கப்பட்ட இலக்கியக் கோயில் என்னும் புகழ்பெற்ற கட்டடம் கி.பி. 1070இல் எழுந்தது, சீன முறையில் அரசுப் பணியாளரைத் தேர்வு செய்யும் முதற் பரீட்சை 1075இல் நடைபெற்றது. அஃதாவது, அந்நியனைத் துரத்தி நூற்றுமுப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே, அவனுடைய நூல்களையும் முறைகளையும் அந்நாட்டு மன்னர் தாமே விரும்பி மேற்கொண்டனர். அப்பரீட்சை 1919 வரை நடந்தது. தேறியவர் பெயர்களைப் பொறித்து ஆமை வடிவங்களின் மேல் நிறுத்திய கற்கள் 82 அக்கோயிலில் இன்றும் உள்ளன. துறைத் தேர்வு எழுதிப் பதவி உயர்வுப் பட்டியலை எதிர்நோக்கியிருக்கும் நம்மனோர்க்கு அக்கற்களின் அருமை சொல்லாமலே விளங்கும்.

தெற்கே இருந்தது சம்பா நாடு. அந்நாட்டார் சாம் என்னும் இனத்தவர். மலாய் மொழிக்கு உறவான மொழியினர். அவர்தம் பகுதிகளின் பெயர்களைக் கேளுங்கள்: அமராவதி, விசயம், கௌடாரம், பாண்டுரங்கம். மி சோன் என்னும் பள்ளத்தாக்கில் பத்ரவர்மன் என்னும் அரசன் சிவபெருமானுக்குப் பத்ரேசுவரர் என்னும் பெயரால் கோயில் எடுத்தான். அவனுக்குப் பின் வந்தோரும் பல நூற்றாண்டுகள் அங்கே செங்கற் கோயில்களைக் கட்டினர். அவற்றுட் பல 1969இல் அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சால் சிதைந்தன. சாம் மொழியிற் கிடைத்த மிகப் பழைய கல்வெட்டு நம் தென்னாட்டு எழுத்தின் வழிவந்த வடிவில் உள்ளது. கி.பி. 1471இல் வடக்கிலிருந்து வந்த வியத்நாமிய மன்னன் லே தான் தோங் விசய நகரை அழித்தான். எஞ்சியிருந்த பாண்டுரங்கமும் 1832இல் மறைந்தது. இன்று அவ்வூரின் பெயர் பான் ராங். பாண்டுரங்கம் என்னும் சொல்லின் தேய்வே அது. அங்குச் சாம் மக்களுள் ஒரு பிரிவினர் தம்மைப் 'பலமோன்' என்று கூறிக்கொள்கின்றனர். அது பிராமணர் என்னும் சொல்லின் திரிபாம். அவர்தம் பூசாரிகள் பழைய கோபுரங்களில் இன்றும் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றனர்.

அரசு அழிந்தமையால் சம்பாவில் குன்றிய பண்பாடு, அண்டை நாடாகிய காம்போசத்தில் குன்றவில்லை. இந்திய அரசன் எவனும் காம்போசத்தை வென்றதில்லை. அங்கு ஒரு நாளும் ஆண்டதில்லை. ஆயினும் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் எடுத்த அங்கோர் வாட் என்னும் திருமால் கோயிலைப் போற்றாத உலகத்தார் இல்லை. பின்னர் அந்நாடு தேரவாத பௌத்தத்தைத் தழுவியது, கோயிலும் பௌத்தர்க்குரியதாயிற்று. எழுத்து மாறவில்லை, அரச மரபின் நரோத்தமன் என்னும் பெயர் 'நொரோடோம்' என வழங்குகின்றது, புத்தாண்டு நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வருகின்றது. வியத்நாமியரோ சீனரைப் போலவே தை மாதத்தையொட்டி வரும் அமாவாசைக் கணக்கில் புத்தாண்டு கொண்டாடுகின்றனர், குச்சிகளால் உண்கின்றனர். எல்லைக் கோட்டின் இப்பாலும் அப்பாலும் நாட்காட்டியும் உண்கலமும் வேறாகிவிட்டன. கி.பி. 1296இல் அங்கோர் நகருக்கு வந்த சௌ தாகுவான் என்னும் சீனத் தூதர், சீன மாலுமிகள் பலர் அரிசியும் மனைவியும் வாணிகமும் எளிதிற் கிடைப்பதால் கப்பலை விட்டு அங்கேயே தங்கிவிடுகின்றனர் என எழுதி வைத்துள்ளார். அம்மாலுமிகள் காம்போசத்தைச் சீனமாக்கவில்லை, தாமே காம்போசராயினர்.

அங்ஙனமாயின் படையின்றிப் பண்பாடு பரவியது எவ்வாறு? போர்னியோத் தீவின் கீழைக் கரையில் கூத்தை என்னுமிடத்தில் கிடைத்த வேள்வித் தூண்கள் இதற்கு விடை பகர்கின்றன. ஏறக்குறைய கி.பி. 400ஐச் சேர்ந்த அத்தூண்களில், பல்லவர் எழுத்தை ஒத்த எழுத்தில் வடமொழிச் சுலோகங்கள் காணப்படுகின்றன. மூலவர்மன் என்னும் மன்னன் அந்தணர்க்கு 20,000 பசுக்களைத் தானம் செய்தானாம். அவன் தந்தை அசுவவர்மன். பாட்டன் பெயரோ குண்டுங்கன். இப்பெயர் வடமொழியன்று, நம் நாட்டுப் பெயருமன்று; அத்தீவின் சொந்தப் பெயர். பாட்டன் உள்ளூரான், மகனும் பெயரனும் வர்மர்கள். எவரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. புதிய பெயர் பெருமை தரும் என்று அவர்களே எண்ணினர். இதனைப் படித்தபொழுது நம் காலனிக் குழந்தைகளின் நினைவு எழுந்தது. பாட்டனார் முத்தையா, மகனார் முத்துக்குமார், பேரப்பிள்ளையோ எந்நாட்டுப் பிள்ளை என அறிய இயலாத பெயரினன். வீட்டில் தாய் தமிழிற் கேட்க, அவன் இந்தியில் விடை கூறுகின்றான். குண்டுங்கனின் பேரனுக்கும் இவனுக்கும் இடையில் ஆயிரத்தறுநூறு ஆண்டுகள் உள்ளனவே அன்றி வேறு வேற்றுமை பெரிதாக இல்லை.

மேடைப் பேச்சாளர் மறந்துவிடும் ஒன்றை இங்கே குறிப்பிடுதல் வேண்டும். காம்போசத்திலும் சம்பாவிலும் வேரூன்றியது வடமொழியேயன்றித் தமிழன்று. எழுத்து தென்னாட்டுடையது, சொல் வடமொழி. காம்போசக் கல்வெட்டுகளில் தேவரையும் மன்னரையும் புகழும் பகுதி வடமொழிச் செய்யுளாகவும், நிலம், ஆள், பண்டம் ஆகியவற்றின் கணக்கு உள்ளூர்க் கெமர் மொழி உரைநடையாகவும் அமைந்துள்ளன. கணக்கு எழுதுவோன் எக்காலத்தும் தன் வீட்டு மொழியில்தான் எழுதுவான் போலும். தமிழ் அங்ஙனம் தூர தேசத்து அரண்மனைக்குட் சென்ற இடம் ஒன்றே எனக்குத் தெரியும், அது தாய்லாந்து. பாங்காக் நகரத்து அரசவைப் பிராமணர் ஆண்டுதோறும் நடத்தும் 'திரியம்பவாய்' விழா நம் திருவெம்பாவையின் பெயரைத் தாங்கியது. கிரந்த எழுத்துச் சுவடிகளினின்றும் அவர் ஓதும் பாடல்கள் நம்முடையவை. ஒலி திரிந்து, பொருள் மறந்து, ஓதுதல் மட்டும் நின்றுவிட்டது. அவ்விழாவின் பேரூஞ்சல் ஆட்டம் 1935இல் நிறுத்தப்பட்டது.

தமிழ் தமிழாகவே கடல் கடந்தது அரசரோடன்று, வணிகரோடு. சுமத்திராத் தீவின் மேலைக் கரையில் பாரூஸ் என்னும் துறைமுகம் உண்டு, கருப்பூரத்திற்குப் பெயர்பெற்றது. அதன் அருகே லோபு துவா என்னுமிடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சகம் 1010, அஃதாவது கி.பி. 1088ஐச் சேர்ந்தது. "திசையாயிரத்து ஐந்நூற்றுவர்" என்னும் வணிகக் கணத்தார் அதனை நிறுத்தினர். மரக்கலத் தலைவர் முதலியோர் கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன்னாகத் தீர்வை செலுத்த வேண்டும் என்பது அதன் செய்தி. காவியமும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. வெறும் கட்டண விதி. இருபது ஆண்டுகளாகச் சரக்கு அலுவலகத்தில் கட்டணச் சீட்டு எழுதிவரும் எனக்கு, இராசேந்திரன் மெய்க்கீர்த்தியினும் இக்கல் நெருக்கமாகப் படுகின்றது.

அவ்வணிகர் என்னாயினர்? பாரூசுக்கு வடக்கே மலைநாட்டில் வாழும் காரோ பத்தக் இனத்தாருள் 'செம்பிரிங்' என ஒரு குலம் உண்டு. அதன் கிளைகளின் பெயர்களுள் சோலியா, பாண்டியா, பெலாவி, பிராமணா என்பனவும் உள. சோழியர், பாண்டியர், பல்லவர் என ஆராய்ச்சியாளர் பொருள் கொள்வர். இறந்தோரின் சாம்பலைச் சிறு ஓடங்களில் வைத்து ஆற்றில் விடும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. தமிழில் ஒரு வாக்கியமும் அவர் அறியார். நிறமும் உடையும் மொழியும் மலையின மக்களுடையவை. பெயர் மட்டும் எஞ்சிற்று.

சீன தேசத்துச் சுவான்சௌ துறைமுகத்தின் கதை இதனினும் வேறு. மார்க்கோ போலோ 'சைத்தூன்' எனப் புகழ்ந்த அந்நகரில் கி.பி. 1281இல் சம்பந்தப் பெருமாள் என்னும் தமிழர் ஒரு சிவாலயம் எடுப்பித்து, சீனப் பேரரசனாகிய கானின் நலத்தை வேண்டினார். தமிழும் சீனமும் பொறித்த கல்வெட்டு கிடைத்துள்ளது. அந்நகரக் கையுவான் பௌத்த ஆலயத்தில் நரசிங்கமும் கண்ணனும் செதுக்கிய தூண்கள் இன்றும் நிற்கின்றன. இடிந்த கோயிலிலிருந்து எடுத்து வைத்தவை அவை. 14ஆம் நூற்றாண்டின் இடையில் அங்கு நிகழ்ந்த கலகத்தில் அந்நிய வணிகர் பலர் மாண்டனர். பின் வந்த மிங் அரசு 1371இல் தனியார் கடல் வாணிகத்தைத் தடுத்தது. தமிழர் குடி அங்கே முற்றாக மறைந்தது. சீனரிடம் பழமையான எழுத்தும், வேதம் போன்ற நூல்களும், வலிய அரசும் முன்னமே இருந்தன. நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்றினால் வழிந்து ஓடும். காம்போசத்தார்க்கு எழுத்து தேவைப்பட்டது, பெற்றுக்கொண்டனர்.

இதற்கு மறுபுறமும் உண்டு. நம் நாகப்பட்டினத்தில் சீனர் 1267இல் ஒரு கோபுரம் கட்டியதாகச் சீனப் பயணி ஒருவர் எழுதியுள்ளார். ஸ்ரீவிசய மன்னரின் சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். அந்நகரில் எஞ்சியிருந்த பழைய கோபுரமும் 1867இல் இடித்துத் தள்ளப்பட்டது. வந்த சீனர் நம்மை மாற்றவில்லை. அவர்தம் வழித்தோன்றல் எவரும் அங்கில்லை.

இறுதியாக மலாக்கா. 15ஆம் நூற்றாண்டில் சுல்தான்கள் ஆட்சியில் அங்கு வாணிகஞ் செய்த தமிழர் உள்ளூர்ப் பெண்டிரை மணந்து தங்கினர். அவர்தம் வழியினரை 'மலாக்கா செட்டிகள்' என்பர். அதே நகரில் தங்கிய சீனர் வழியினர் 'பாபா' எனப்படுவர். இரு சாராரும் இன்று வீட்டில் பேசுவது மலாய். இரு சாராரின் பெண்டிரும் உடுப்பது சாரோங்கும் கெபாயாவும். சமையலிலும் மிளகாய், தேங்காய், எலுமிச்சைப் புல் எல்லாம் ஒன்றாகிவிட்டன. ஆயினும் பாபா வீட்டில் முன்னோர் பலகை நிற்கின்றது. செட்டியோ தைப்பொங்கலும் தீபாவளியும் விடுவதில்லை. 1781இல் ஒல்லாந்தர் கொடுத்த நிலத்தில் அவர் கட்டிய பொய்யாத விநாயகர் கோயிலில் வழிபாடு இன்றும் நடைபெறுகின்றது. மொழி முதலிற் போகின்றது. விழாவும் அடுக்களையும் நெடுநாள் நிற்கின்றன. நாம் ஆண்டு விழா தவறாமல் நடத்துகின்றோம் என்று நிறைவு கொள்வதற்கு மலாக்கா இடங்கொடாது. வார இறுதியில் நம் சங்கத்தில் நடக்கும் தமிழ் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளின் தொகை, பொங்கல் விருந்துக்கு வரும் இலைகளின் தொகையில் எத்தனையில் ஒரு பங்கு என்பதைச் செயலாளர் அறிவார்.

அச்செட்டிகள் போகிப் பண்டிகையன்று வாழையிலை விரித்து, சோறும் கறியும் பழமும் வைத்து, இறந்த முன்னோரை அழைத்துப் படைக்கின்றனர். அச்சடங்கிற்கு அவர் வழங்கும் பெயர் 'பர்ச்சு'. நம் வீட்டுப் பாட்டிமார் வாயில் வரும் 'படைச்சு' என்னும் சொல்லே அஃது என எனக்குத் தோன்றுகின்றது. அதனைச் சொல்லும் வாய்க்கு வேறு தமிழ்ச் சொற்கள் மிகச் சிலவே தெரியும்.