குச்சனூர் வாய்க்கால்: கம்பம் பள்ளத்தாக்கின் நீர்ப்பங்கீட்டு வரலாறு

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், சின்னமனூருக்கு அருகே அமைந்த பேரூர் குச்சனூர். சுயம்பு சனீஸ்வரர் கோயிலால் வெளியூர்களில் அறியப்பட்டது. கோயிலையொட்டி ஓடும் நீரோட்டத்தைப் பக்தர்கள் சுரபி நதி என்கிறார்கள். நீராடும் பக்தருக்கு அது நதி. சுற்றிலும் நெல் பயிரிடுவோருக்கு அது வாய்க்கால். ஒரே நீருக்குப் பல உரிமையாளர்கள் இருக்கும் இந்நிலை கம்பம் பள்ளத்தாக்கு முழுமைக்கும் பொதுவானது. அந்த உரிமைகள் எப்படி உருவாயின, யார் கணக்கில் சேர்ந்தார்கள், யார் விடுபட்டார்கள் என்பதே இப்பகுதி நீர்வரலாற்றின் சாரம்.

கம்பம் பள்ளத்தாக்கின் வேளாண்மை பெரியாறு அணைக்கு முற்பட்டது. பாண்டியர் காலத்தில் இந்நிலப்பகுதி அளநாடு எனப்பட்டது. சின்னமனூரில் கிடைத்த செப்பேடுகளில் பெரிய தொகுதி, 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பாண்டியன் அளித்த நிலக்கொடையைப் பதிவு செய்கிறது. வரலாற்றாசிரியர்கள் அதில் அரச மரபைத் தேடுவார்கள். வேளாண் வரலாறு தேடுவோருக்கு வேறொன்று தெரியும். கொடையளிக்கத் தக்க விளைநிலம் அக்காலத்திலேயே இங்கு இருந்தது. சுருளியாறும் அதில் கலக்கும் மலை ஓடைகளும் அதற்கு நீர் தந்தன. ஆற்றின் குறுக்கே சிறு அணைகள் கட்டி, இருபுறமும் வாய்க்கால் பிரித்துப் பாய்ச்சும் முறை பின்னர் பள்ளத்தாக்கு முழுவதும் பரவியது.

இம்முறையின் உயிர் பராமரிப்பில் இருந்தது. வாய்க்கால் தூர்வாருவதும் கரை அடைப்பதும் பயன்பெறும் குடிகளின் பொறுப்பு. இதற்குக் குடிமராமத்து என்று பெயர். தலைமடைக்காரர் அதிகம் எடுத்தால் கடைமடை காயும் என்பதால், நீர் குறைந்த நாட்களில் முறை வைத்துப் பாய்ச்சினார்கள். ஆங்கில அரசு 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து குடிமராமத்தைச் சட்டக் கடமையாக்க முயன்றது. நீர்நிலைகள் பொதுப்பணித் துறையின் பொறுப்பாக மாறிய பின் ஊரார் பங்கு படிப்படியாகத் தேய்ந்தது. 2016-17-இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது, அந்த இழப்பை ஒப்புக்கொண்டதற்கு நிகர்.

பெரும் திருப்பம் பெரியாறு அணையால் வந்தது. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரத்தில் எழுந்தது. 1808-இல் ஆய்வு செய்த கேப்டன் கால்டுவெல் இது நடக்காத காரியம் என்று ஒதுக்கினார். 1876-78 தாது வருஷப் பஞ்சம் பல லட்சம் உயிர்களைக் கொண்டுபோன பிறகு அரசின் கணக்கு மாறியது. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் ஆங்கில அரசுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது: 8,000 ஏக்கர் நிலம், 999 ஆண்டுக் குத்தகை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வீதம் 40,000 ரூபாய். பொறியாளர் ஜான் பென்னிகுயிக் தலைமையில் சுண்ணாம்பு, சுர்க்கி (செங்கல் தூள்) கலவையில் கட்டப்பட்ட அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. அணையால் தேங்கிய ஏரி நீர் மலையைக் குடைந்த ஒரு மைலுக்கும் மேற்பட்ட சுரங்கம் வழியே கிழக்குச் சரிவில் இறங்கி, சுருளியாற்றோடு கலந்து வைகையைச் சேர்கிறது.

திட்டத்தின் முதன்மை இலக்கு மதுரை, மேலூர்ப் பகுதிகளின் வறண்ட நிலம். கம்பம் பள்ளத்தாக்கு அந்நீர் செல்லும் வழி. வழியில் இருந்ததால் பள்ளத்தாக்கும் வளம் பெற்றது. இங்குள்ள 14,707 ஏக்கர் இருபோக ஆயக்கட்டு அணை நீரை நம்பியிருக்கிறது. மழை வாய்த்தால் ஜூன் தொடக்கத்தில் முதல் போகத்துக்கு நீர் திறப்பார்கள். பென்னிகுயிக் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பதும், அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பொங்கல் வைப்பதும் இந்த இருபோகத்தின் விளைவுகள்.

ஒப்பந்தத்தில் இடம்பெறாதவர்களும் உண்டு. ஏரி அமைந்த மலைக்காடு மன்னான், பளியர் முதலிய பழங்குடிகளின் வாழிடம். கையெழுத்திட்ட இரு தரப்பிலும் அவர்கள் இல்லை. காட்டு விலங்குகளும் அன்று கணக்கில் இல்லை. பின்னர் அந்த ஏரிக்கரையே சரணாலயமாகி, 1978-இல் பெரியாறு புலிகள் காப்பகமானது. 1990-களில் அங்கு தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டம், காட்டில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்து வந்தவர்களையே காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மாற்றியது. வைகையின் பிறப்பிடமான மேகமலைக் காடுகள் 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தன. நீர் காட்டிலிருந்து வருகிறது என்ற பழைய உண்மை இவ்வாறு நிர்வாக வடிவம் பெற்றது.

தமிழ்நாடும் கேரளமும் செய்த 1970 ஒப்பந்தம் அணை நிலத்தின் குத்தகையை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தி, லோயர்கேம்பில் மின்னாக்கத்துக்குக் கேரளத்துக்குத் தனிக் கட்டணமும் வகுத்தது. அணையின் உறுதி பற்றிய அச்சத்தால் 1979-இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. வலுப்படுத்தும் பணிகள் நடந்த பிறகு, 2006-இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. கேரளம் அதற்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2014 மே 7 தீர்ப்பு அச்சட்டத்தை ரத்து செய்து 142 அடியை உறுதிப்படுத்தியது.

இந்த வழக்கு அறிவுத்துறைகளுக்கும் ஒரு சோதனை. வெள்ள அளவு, நிலநடுக்கம் குறித்து டெல்லி, ரூர்க்கி ஐ.ஐ.டி. வல்லுநர்களின் ஆய்வுகளைக் கேரளம் முன்வைத்தது. நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு 2012-இல் அணை பாதுகாப்பானது என்று அறிக்கை அளித்தது. ஒரே அணையைப் பற்றி வெவ்வேறு முடிவுகள் வரும்போது, ஆய்வை யார் கேட்டார்கள், எந்தத் தரவு பயன்பட்டது, பிறர் அதைச் சரிபார்க்க முடியுமா என்ற கேள்விகள் பொறியியலுக்கு இணையான எடை பெறுகின்றன.

1987-இல் பிரண்ட்லாண்ட் ஆணையம், வருங்காலத் தலைமுறையின் தேவையைக் குலைக்காமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவதே நிலைத்த வளர்ச்சி என்று வரையறுத்தது. கம்பம் பள்ளத்தாக்குக்கு அந்தப் பெயர் புதிது. தலைமடை, கடைமடை வழக்கு பழையது. இன்று நெல்லோடு வாழை, தென்னை, திராட்சையும் நீர் கேட்கின்றன. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிணற்று நீர், மேற்பரப்பு நீர், காட்டின் பங்கு, மின்னாக்கம், குடிநீர், இரு மாநிலங்களின் உரிமை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட நீரியல், மண்ணியல், சூழலியல், சட்டம், பொருளியல், வரலாறு யாவும் வேண்டும். ஆடி மாதச் சனிக்கிழமைகளில் குச்சனூரில் பக்தர்கள் நீராடும் அதே வாய்க்காலே வயலுக்கும் போகிறது. எல்லாத் துறைகளின் கணக்குகளும் அங்கே ஒன்று சேர்கின்றன.