பெங்களூர் மண்ணுக்குச் சோறு போட்டவர்கள்

பெங்களூருக்கு நான் குடிவந்த புதிதில், அம்மா ஊரிலிருந்து ஒரு கறிவேப்பிலைக் கன்று கொண்டுவந்தார். வேரோடு தஞ்சாவூர் வண்டலும் ஒட்டியிருந்தது. வீட்டின் பின்புறம் நட்டோம். ஒரே மாதத்தில் இலையெல்லாம் மஞ்சளித்துவிட்டது. "இந்த ஊரு மண்ணு சரியில்லப்பா" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

தோட்ட வேலைக்கு வந்த பெரியவர் சிரித்தார். திகளர் குலத்தவர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். "மண்ணு மேல ஏன் பழி போடுறீங்க? அதுக்கு நீங்க என்ன சோறு போட்டீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

நம் நகரம் பாறைமேல் அமர்ந்த நகரம். லால்பாக் குன்றில் நாம் ஏறி நிற்கும் பாறையின் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். இத்தகைய பாறை சிதைந்து உண்டானதே இங்குள்ள செம்மண். இரும்பு இருப்பதால் சிவப்பு. ஆனால் தழைச்சத்தும் மக்கும் குறைவு. காவிரிப் படுகையைப் போல ஆறு வண்டல் கொண்டுவந்து கொட்டும் பாக்கியம் இதற்கு இல்லை. எனவே ஏரி வெட்டி நீர் தேக்க வேண்டும். எருப் போட்டு மண்ணை வளர்க்க வேண்டும். அதாவது, இங்கே நல்ல மண் மனிதர் உழைப்பால் விளைந்தது.

அந்த உழைப்பில் பெரும்பங்கு திகளர்களுடையது. இவர்களின் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் என்பது மரபு. 1760இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக்கிலும், சம்பங்கி ஏரியைச் சுற்றியிருந்த காய்கறி, கீரை, பூந்தோட்டங்களிலும் இவர்கள் கைபட்டது. இவர்கள் எடுக்கும் கரகத் திருவிழாவில் நம் வட மாவட்டங்களின் திரௌபதி அம்மன் வழிபாட்டைக் காணலாம். 1896இல் ஹெசரகட்டா குடிநீர் வந்தபின் சம்பங்கி ஏரியின் தேவை குறைந்தது. இன்று அங்கே நிற்பது கண்டீரவா விளையாட்டரங்கம். கரகச் சடங்குக்காக ஒரு சிறு குளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

மண்ணுக்குச் சோறு போடும் கலைக்கு இந்நகரின் பெயரே உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1939இல் இங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தில் டாக்டர் சி.என். ஆச்சார்யா வகுத்த உரமுறைக்குப் 'பெங்களூர் முறை' என்று பெயர். குழி வெட்டி, ஊர்க் குப்பையையும் மலக்கழிவையும் மாறிமாறி அடுக்கி, மேலே மண்ணால் மூடிவிடுவார்கள். சர் ஆல்பர்ட் ஹோவர்டின் இந்தூர் முறையைப் போல அடிக்கடி கிளறிவிட வேண்டாம். தழைச்சத்து இழப்பும் குறைவு. ஏறக்குறைய ஆறு முதல் எட்டு மாதத்தில் உரம் தயார். நகரம் தின்றதை நகரமே நிலத்துக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு இது.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த மலக்கழிவைச் சுமந்தது மனிதர்கள். அந்தக் கொடுமையை 1993, 2013 ஆண்டுகளின் சட்டங்கள் தடைசெய்தது மிகவும் சரியே. ஒழிய வேண்டியது அந்தச் சுமைதான். ஆனால் பாதாளச் சாக்கடையும் ரசாயன உரமும் பிளாஸ்டிக்கும் வந்தபின், மண்ணுக்குத் திருப்பித் தரும் பழக்கமும் சேர்ந்தே போய்விட்டது. நகரக் குப்பையில் பாதிக்கு மேல் மக்கக்கூடியதே. அதையும் கலந்துகட்டி ஊருக்கு வெளியே கொட்டினோம். மண்டூர்க் கிராமத்தார் பொறுத்துப் பார்த்துப் போராடினார்கள். 2014இல்தான் அங்கே லாரிகள் நின்றன.

"சொந்த மண்" என்று சொன்னாலே நமக்கெல்லாம் ஊர் நினைவுதான் வருகிறது. தவறில்லை. ஆனால் நம் பிள்ளைகள் உண்ணும் கீரை எந்த மண்ணில் விளைகிறது? திகளர்கள் வந்த இடத்து மண்ணை ஊட்டி வளர்த்தார்கள். அதனால் அது அவர்கள் மண்ணாயிற்று. உரிமை அப்படித்தான் வந்தது.

பெரியவர் சொன்னபடி, அடுப்படிக் கழிவை ஒரு மண்தொட்டியில் மக்கவைத்து அந்தக் கன்றுக்குப் போட்டுவந்தோம். இரண்டு வருஷத்தில் அது மரமாகிவிட்டது. அம்மா இப்போது ரசத்துக்கு அதிலிருந்துதான் இலை பறிக்கிறார். தீர்ப்பை மட்டும் இன்னும் திரும்பப் பெறவில்லை!