முகப்பருவுக்கு ஒளியும் பூச்சு மருந்தும்: இணைப்புச் சிகிச்சையின் நியாயமும் வரம்பும்

முகப்பரு தோன்றுவதில் நான்கு நிகழ்வுகள் பின்னிக் கிடக்கின்றன: எண்ணெய்ச் சுரப்பு மிகுதல், மயிர்க்காலின் வாயில் செல்கள் அடைத்துக்கொள்ளுதல், க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகுதல், அழற்சி. ஒரே பூச்சு மருந்து இந்த நான்கையும் அடக்கிவிடுவதில்லை. ஒளிச் சிகிச்சையை அதனுடன் இணைக்கும் எண்ணம் இங்கிருந்தே பிறக்கிறது.

இந்தப் பாக்டீரியா தன்னுள் போர்ஃபிரின் என்ற நிறமிகளை உண்டாக்குகிறது. 415 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியை அவை மிகுதியாக உறிஞ்சி, வீரியம் மிக்க ஆக்சிஜனை உருவாக்குகின்றன. பாக்டீரியா அதனாலேயே மடிகிறது. சிவப்பு ஒளி போர்ஃபிரினை அவ்வளவாகத் தூண்டுவதில்லை. ஆனால் தோலில் ஆழமாக ஊடுருவி அழற்சியைத் தணிப்பதாகக் கருதப்படுகிறது. மயிர்க்காலின் அடைப்பை நீக்குவது இரண்டுக்கும் நேரடி வேலை அன்று. அதைச் செய்வது அடாபலீன், டிரெட்டினாயின் போன்ற ரெட்டினாய்டுகள். ஆகவே கரும்புள்ளியும் வெண்புள்ளியும் நிறைந்த முகத்துக்கு ஒளியை மட்டும் நம்புவது தவறு.

இத்துறையில் அடிக்கடி சுட்டப்படும் ஆய்வு 2000ஆம் ஆண்டில் பாபயோர்ஜியு குழுவினர் வெளியிட்டது. 107 பேர் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர்: நீல ஒளி, நீலமும் சிவப்பும் கலந்த ஒளி, வெள்ளை ஒளி, 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு என்ற பூச்சு மருந்து. 12 வாரங்களில் கலப்பு ஒளி அழற்சிப் பருக்களைச் சராசரியாக 76 சதவீதம் குறைத்து, பென்சாயில் பெராக்சைடையும் விஞ்சியது. முடிவு கவனத்துக்குரியதே. ஆயினும் ஒளியும் மருந்தும் அங்கே போட்டியாளர்களாகவே நிறுத்தப்பட்டன. இரண்டையும் சேர்த்துப் பெற்ற பிரிவு ஒன்றுகூட இல்லை. இணைப்புக்கு ஆதாரமாக இதைக் காட்டுவது பொருந்தாது. கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்றே: நல்ல பூச்சு மருந்தை ஒழுங்காகப் போடுபவருக்கு, ஒளி கூடுதலாக என்ன தருகிறது? 2016இல் வெளிவந்த காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 71 ஆய்வுகளை அலசியும், ஒளிச் சிகிச்சைக்குத் தரமான சான்று குறைவு என்றே கண்டது. அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகத்தின் 2024 வழிகாட்டி பென்சாயில் பெராக்சைடையும் ரெட்டினாய்டையும் உறுதியாகப் பரிந்துரைக்கிறது. ஒளிக் கருவிகளைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்கிறது.

மருந்தும் ஒளியும் உண்மையிலேயே ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் முறை ஒளியியக்கச் சிகிச்சை. அமினோலெவுலினிக் அமிலத்தைப் பூசினால் எண்ணெய்ச் சுரப்பிகள் அதைப் போர்ஃபிரினாக மாற்றுகின்றன. ஒளி பட்டதும் சுரப்பிகளே சேதமுறுகின்றன. பலன் பல வாரங்கள் நீடிக்கிறது. அதற்கு ஈடாக வலி, வீக்கம், தோல் உரிதல், தற்காலிகக் கருமை ஆகியவற்றைப் பொறுக்க வேண்டியிருக்கிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல், பிற சிகிச்சைகள் பலிக்காத அல்லது ஒவ்வாத, 18 வயது நிரம்பியவர்களின் கடும் பருவுக்கும் நடுத்தரப் பருவுக்கும் மட்டுமே இதைப் பரிசீலிக்கலாம் என்றது. அந்த எச்சரிக்கை சரியானது.

இணைக்கும்போது வேதியியலையும் பார்க்க வேண்டும். டிரெட்டினாயின் ஒளியில் சிதையும்; பென்சாயில் பெராக்சைடுடன் சேர்ந்தால் சிதைவு இன்னும் விரைவு. அதே சூழலில் அடாபலீன் நிலைத்து நிற்கிறது. எனவே ஒளியோடு ரெட்டினாய்டு சேர வேண்டுமானால் அடாபலீனே ஏற்றது; அதையும் இரவில் பூசி, ஒளிக்கு முன் முகத்தைக் கழுவிவிடுவது நலம்.

தமிழரிடம் பரவலாகக் காணப்படும் மாநிறத் தோலுக்கும் கருந்தோலுக்கும் இன்னொரு கணக்கு உண்டு. பரு ஆறிய பின் நிற்கும் கருந்தழும்பே இங்கு பலருக்குப் பருவை விடப் பெரிய துயரம். 415 நானோமீட்டர் ஒளி நிறமுள்ள தோலில் நீடித்த கருமையை உண்டாக்குவதையும், 630 நானோமீட்டர் சிவப்பு ஒளி அவ்வாறு செய்யாததையும் 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பாக்டீரியாவைக் கொல்லும் அதே அலைநீளம்தான் தழும்பை ஆழப்படுத்தவும் கூடும். வெளிநாட்டு வெண்தோலில் நடந்த சோதனை முடிவுகளை அப்படியே இங்கு கொண்டுவருவது அதனால் ஆபத்தானது. நீல ஒளியின் அளவைக் குறைத்துத் தொடங்கி, நிறமாற்றத்தைக் கண்காணிப்பது கட்டாயம்.

விழித்திரை நோய் உள்ளவர்களும், டாக்சிசைக்ளின் போன்று ஒளிக்கூச்சம் தரும் மாத்திரை உண்பவர்களும் மருத்துவர் ஆலோசனையின்றி வீட்டில் பயன்படுத்தும் ஒளி முகமூடிக் கருவிகளைத் தொடக் கூடாது. ஒளியை நிறுத்தியதும் பாக்டீரியா மீண்டும் பெருகும் என்பதால், மயிர்க்கால் அடைபடாமல் காக்க, பரு அடங்கிய பிறகும் அடாபலீன் பூச்சு தொடர வேண்டும்.