பால் வற்றிய பிறகு: ரப்பர் மரத்தின் இன்னொரு வரலாறு

'ரப்பர்த் தொழிலின் வளர்ச்சி' என்று வரலாற்றுத் தாளில் கேள்வி வந்தால் நம்ம மாணவர்கள் பால், டயர், தோட்டம், தென்னிந்தியத் தொழிலாளர் வருகை என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். பால் வற்றிய மரம் என்னாச்சு என்று யாரும் கேட்பதில்லை. வகுப்பில் அவர்கள் உட்காரும் நாற்காலியே அதற்குப் பதிலாக இருக்கலாம்.

கமுந்திங் முதலில் ஈய ஊர். பழைய பெயர் கிளியான் பாரு. ஈயத்துக்காக நடந்த லாருட் சண்டைகளின் முடிவில்தான் 1874-இல் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது. மூன்றே ஆண்டுகளில், 1877-இல், ரப்பர்க் கன்றுகள் பக்கத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றை வளர்த்தவர் பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கார் டயருக்குத் தேவை பெருகியதும் பேராக் முழுக்கத் தோட்டங்கள் பரவின.

ரப்பர் மரம் ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகள் வரைதான் லாபமாகப் பால் தரும். பிறகு வெட்டி மறுநடவு செய்ய வேண்டும். வெட்டிய மரம் அடுப்புக்கும், ரப்பர் ஷீட் காய வைக்கும் புகைவீட்டுக்கும் போகும். மீதி காட்டிலேயே எரியும். மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் வெட்டிய சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலக்கறை படியும், துளைவண்டு உளுக்கச் செய்யும். அதனால் அதை யாரும் பலகையாகவே மதிக்கவில்லை.

மாற்றம் மெதுவாக வந்தது. 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய பிறை மலாயாவாட்டா எஃகு ஆலை, இரும்பு உருக்க ரப்பர் மரக்கரியைப் பயன்படுத்தியது. கெப்போங் வன ஆய்வுக்கூடத்திலும் இந்த மரத்தைப் பற்றி ஆய்வுகள் நடந்தன. அறுத்த உடனே போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தினால் பூச்சியும் பூஞ்சையும் அண்டாது. 1980-களில் அது ஏற்றுமதித் தளவாடமாகிவிட்டது. விறகாக எரிந்ததும் ஏற்றுமதியானதும் ஒரே மரம்தான். மாறியது மனிதனின் அறிவு.

இங்கே ஒரு கசப்பும் உண்டு. 1950-களிலும் 60-களிலும் பல தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டன. லயங்களில் இருந்த குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தன. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு செம்பனை வந்தது. மரத்துக்கு மதிப்பு கூடிய காலத்தில், அதை வளர்த்துப் பால் வெட்டிய பலர் தோட்டத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். விளைவுகளைப் பற்றி எழுதும்போது இந்த முரணைச் சேர்த்தால் விடை ஆழமாகும்.

வகுப்பறையில் செய்து பார்க்க: வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்துக்குப் புதுப் பலகை வாங்க வேண்டாம். உடைந்த நாற்காலிக் கால், பழைய மேசைப் பலகை, தொழிற்பேட்டைகளில் கழித்துப் போடும் 'பேலட்' எல்லாம் போதும். இவற்றில் புத்தக அடுக்கு, முக்காலி, பூந்தொட்டித் தாங்கி செய்யலாம். எடுக்கும்முன் உரிமையாளரிடம் கேளுங்க. பேலட்டில் முத்திரை பாருங்க: 'எச்.டி.' என்றால் சூட்டில் பதப்படுத்தியது, எடுத்துக்கலாம். 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது, வேண்டாம். எண்ணெய், ரசாயனக் கறை உள்ளதையும் தவிருங்க. ஆணிகளை எல்லாம் பிடுங்கிய பிறகே ரம்பம் வைக்கணும். ரப்பர்ப் பலகையில் செய்ததை மழையில் போடாதீங்க. ஈரம் அதற்கு ஆகாது.

பயிற்சிக் கேள்வி: ஒரு காலத்தில் கழிவாகக் கருதப்பட்ட ரப்பர் மரம் எப்படி ஏற்றுமதிப் பொருளானது? இரண்டு காரணங்களையும், தோட்ட மக்கள் வாழ்வில் அதே காலத்தில் ஏற்பட்ட ஒரு மாற்றத்தையும் விளக்குக.