சுங்கை பூலோவில் நீங்கிய பழி

மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது தஞ்சோங் டாவாய். நெத்திலிக்கும் கருவாட்டுக்கும் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்து உள்ளே வந்தால் பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டங்கள். இன்று பட்டணங்களில் குடியிருக்கும் நம்மவர்களில் பலருக்கு அந்த லயங்கள்தான் பூர்வீகம். அன்றைய லயங்களில் மெல்லிய குரலில் மட்டுமே பேசப்பட்ட நோய் ஒன்று உண்டு. 'பெரிய வியாதி' என்பார்கள். அதுதான் தொழுநோய்.

இந்த நோயைச் சாபம் என்றார்கள், பரம்பரைப் பாவம் என்றார்கள். ஆனால் 1873ஆம் ஆண்டிலேயே நார்வே மருத்துவர் ஹான்சன் இதற்குக் காரணமான கிருமியைக் கண்டுவிட்டார். காசநோய்க் கிருமியும் தொழுநோய்க் கிருமியும் 'மைக்கோபாக்டீரியம்' என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. காசநோய்க் கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்க்கலாம். தொழுநோய்க் கிருமியோ இன்றுவரை எந்தக் கண்ணாடிக் குப்பியிலும் வளர மறுக்கிறது. தோலில் சிறு கீறல் போட்டு, எடுத்த திரவத்துக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதே நெடுங்காலம் இருந்த முக்கியப் பரிசோதனை.

மலாயாவில் நோயாளிகளுக்கு என்ன நேர்ந்தது? 1926இல் ஐக்கிய மலாய் மாநிலங்களில் வந்த சட்டம் அவர்களைக் கட்டாயமாகத் தனிமைப்படுத்தியது. 1930இல் கோலாலம்பூருக்கு அருகே சுங்கை பூலோ குடியிருப்பு திறக்கப்பட்டது. சிறைபோல் இல்லாமல், தோட்டமும் வீடுகளும் கொண்ட ஊராக அது அமைய வேண்டும் என்று பாடுபட்டவர் டாக்டர் டிராவர்ஸ். தமிழர், சீனர், மலாய்க்காரர் என 2,000க்கும் மேற்பட்டோர் ஒரு காலத்தில் அங்கு வாழ்ந்தனர். அங்கே திருமணம் நடந்தது, குழந்தைகளும் பிறந்தன. ஆனால் பிறந்த குழந்தையைத் தாய் தன்னுடன் வைத்துக்கொள்ள முடியவில்லை. உறவினரிடமோ, தத்து எடுப்பவரிடமோ கொடுத்துவிட வேண்டியிருந்தது.

1940களின் பிற்பகுதியில் 'டாப்சோன்' என்ற மருந்து நம்பிக்கை தந்தது. தமிழ்நாட்டின் செங்கல்பட்டில் டாக்டர் காக்ரேன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர். சுங்கை பூலோவிலும் அதே வகை மருந்துகள் சோதிக்கப்பட்டன. பலர் குணமடைந்தனர். ஆனால் சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து நோய் திரும்பியது.

நோய் திரும்பினால் முதலில் யார்மேல் சந்தேகம் வரும்? நோயாளிமேல்தான். 'மாத்திரையை ஒழுங்காக விழுங்கியிருக்க மாட்டார்' என்று சொல்வது எளிது. அது உண்மையா, பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கிருமிதான் குப்பியில் வளராதே!

1960இல் அமெரிக்காவின் ஷெப்பர்ட் ஒரு வழி காட்டினார். சுண்டெலியின் பாதத்தில் செலுத்தினால் தொழுநோய்க் கிருமி மெல்ல வளர்கிறது என்று அவர் கண்டார். ஒன்று இரண்டாவதற்கே ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும் கிருமி அது. எனவே முடிவு தெரிய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இந்த முறையைக் கையில் எடுத்தவர்கள் சுங்கை பூலோவில் இருந்த டாக்டர் பெட்டிட்டும் லண்டன் ஆய்வாளர் ரீஸும். சந்தேகத்துக்குரிய நோயாளிகளுக்கு டாப்சோனை மருத்துவர் கண்காணிப்பில் ஊசியாகவே போட்டனர். மருந்து உள்ளே போனதா என்ற கேள்விக்கே இடமில்லை. அப்படியும் நோய் அடங்கவில்லை. அவர்களுடைய கிருமியைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி, தீனியோடு டாப்சோனையும் கொடுத்தனர். சாதாரணக் கிருமி வளர முடியாத நிலையிலும் இந்தக் கிருமி வளர்ந்தது.

1964இல் அந்த முடிவு வெளியானது. தொழுநோய்க் கிருமி டாப்சோனை எதிர்த்து நிற்கும் என்று உலகில் முதன்முதலில் நிரூபிக்கப்பட்டது நம் மலேசிய நோயாளிகளிடம்தான். மாறியது கிருமி. நோயாளிகள்மேல் இருந்த பழி நீங்கியது.

அடுத்து குளோபாசிமின், ரிபாம்பிசின் ஆகிய மருந்துகளும் சுங்கை பூலோவில் பரிசோதிக்கப்பட்டன. ஒரே மருந்தை நம்பக்கூடாது என்ற பாடத்தின் பலனாக, 1981இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அதில் இடம்பெற்றவை இந்த மூன்று மருந்துகளே. உலகெங்கும் கோடிக்கும் மேற்பட்டோர் அதனால் குணமடைந்துள்ளனர். இன்று மருந்துக்கு அடங்காத கிருமியை அதன் மரபணுவைப் படித்தே கண்டறிகிறார்கள். சுண்டெலிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

2007இல் சுங்கை பூலோ குடியிருப்பின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. இன்று அங்கு எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. தங்கள் உடலையே ஆய்வுக்குக் கொடுத்த நோயாளிகளின் பெயர்களை மருத்துவ நூல்களில் காண முடியாது.

தொழுநோய் இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. தோலில் வெளுத்த அல்லது சிவந்த தேமல் தோன்றி, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் மறைக்க வேண்டாம். உடனே கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள். பெரும்பாலோர் உடலுக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு. நோய் கண்டாலும் ஆறு மாதமோ ஓராண்டோ மருந்து சாப்பிட்டால் குணமாகும். இப்போது யாரும் வீட்டையும் பிள்ளையையும் பிரிய வேண்டியதில்லை.