கொடிரோஜாவுக்கு ஒரு துணை

சிம்மக்கல்லில் மொட்டைமாடித் தோட்டம் வைத்திருக்கும் புஷ்பப் பிரியர் ஒருவர், தம் கொடிரோஜாவோடு சேர்த்துப் படரவிடக் கிளெமாட்டிஸ் கொடியைத் தேடுவாரானால், குளிர்தேசத்து வகை எதுவும் மதுரையின் சித்திரை வெயிலைத் தாங்காது என்பதைத்தான் அவருக்கு முதலில் சொல்லவேண்டியிருக்கும். ஆயினும், அவர் விரும்பும் அந்தச் சேர்க்கை, 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த கோடைக்கானல் மலையிலேயே, மனிதர் கை படாமல் வளர்ந்து வந்திருக்கிறது என்பது அவருக்கு ஆனந்தமளிக்கும்.

கோடைக்கானல் அமைந்திருக்கும் பழனி மலைத்தொடரின் உயர்ந்த பகுதிகளில், சோலைக்காடுகளின் ஓரங்களில், ஐந்து வெள்ளை இதழ்களும் நறுமணமும் உடைய காட்டு ரோஜா ஒன்று மரங்களின்மேல் ஏறிப் படர்கிறது. அந்த உயரங்களுக்கே உரிய கிளெமாட்டிஸ் ஒன்றும் உண்டு. அதன் இலைகளில் மென்மையான ரோமம் படிந்திருக்கும், பூ உதிர்ந்தபின் விதைகள் வெண்பட்டு இழைபோன்ற வால்களோடு காற்றில் பறக்கும். ரோஜாவுக்குப் பற்றிக்கொள்ளும் சுருள் கிடையாது. வளைந்த முட்களை மாட்டிக்கொண்டே அது மேலேறுகிறது. கிளெமாட்டிஸோ தன் இலைக்காம்பையே மெல்லிய கிளைகளில் சுற்றிக்கொள்கிறது; பருத்த அடிமரத்தை அதனால் பற்ற முடியாது; ஆகவே ரோஜாவின் சிறு கிளைகள் அதற்கு ஏணியாகின்றன. வேர் நிழலிலும் தலை வெயிலிலும் இருக்கவேண்டும் என்று மேல்நாட்டுத் தோட்டக்காரர்கள் கிளெமாட்டிஸுக்கு விதிக்கும் நியமத்தை, சருகு மூடிய ஈரமண்ணும் திறந்த வானமும் சந்திக்கும் சோலையின் ஓரம் தானாகவே நிறைவேற்றிவிடுகிறது.

அந்த ரோஜாவின் சாஸ்திரப் பெயரில், 1816-இல் புதுச்சேரிக்கு வந்து நீலகிரி வரை பிரயாணம் செய்த பிரெஞ்சுத் தாவர அறிஞர் லெஷெனோ நிலைபெற்றிருக்கிறார். கிளெமாட்டிஸின் பெயரிலோ, கிழக்கிந்தியக் கும்பெனியின் வைத்தியராகச் சென்னைக்கு வந்து, 1836-இல் பழனி மலையேறி அதன் தாவரங்களை ஆராய்ந்த ராபர்ட் வைட் இருக்கிறார். வைட்டின் நூல்களுக்குச் சித்திரங்கள் எழுதித் தந்த ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர்களின் கைத்திறனை இங்கே நினையாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்லில் அச்சான அப்படங்களின் துணைகொண்டே தென்னாட்டுச் செடிகள் பலவற்றை உலகம் அடையாளம் கண்டது.

பின்பு காய்ச்சலுக்கும் காலராவுக்கும் அஞ்சி மதுரையிலிருந்து மலையேறிய அமெரிக்க மிஷனரிமார் 1845-இல் கோடைக்கானலில் வீடு கட்டினர். 1852-இல் மேஜர் பார்ட்ரிட்ஜ் ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸைக் கொண்டுவந்தார். மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சின் முயற்சியால் 1863-இல் ஏரி உருவாயிற்று. ஏறக்குறைய அதே சமயத்தில்தான், இங்கிலாந்தில் ஜாக்மன் குடும்பத்து நாற்றுப்பண்ணையில் 1862-இல் முதன்முதலாகப் பூத்த ஊதாநிறக் கலப்பினக் கிளெமாட்டிஸ் பெரும்புகழ் அடைந்து, ரோஜாவின்மேல் கிளெமாட்டிஸைப் படரவிடும் வழக்கத்துக்கு ஊக்கமளித்தது. ஆண்டுதோறும் அடியோடு வெட்டினாலும் புதுத்தளிரில் பூக்கும் குணமே அதனை ரோஜாவுக்கு ஏற்ற தோழனாக்கியது. ரோஜாவைக் கவாத்து செய்யும்போது, சிக்கிக்கிடக்கும் பழைய கொடியையும் சேர்த்துக் கழித்துவிடலாம் அல்லவா?

கோடைக்கானலில் இன்று தோட்டம் போடுகிறவர்கள் நிறத்துக்காக அந்த ஊதாக் கொடியை நாடுவதை நான் குறைகூறமாட்டேன். எனினும், அயல்நாட்டு மரங்கள் சோலைகளையும் புல்வெளிகளையும் நெருக்கிவரும் இக்காலத்தில், அந்த மலைக்கே சொந்தமான வெள்ளை ரோஜாவையும் அதன் கிளெமாட்டிஸையும் காட்டிலிருந்து பெயர்த்தெடுக்காமல், முறையாகச் சேகரித்த விதையிலிருந்து நாற்றுப்பண்ணைகளில் வளர்த்துத் தருவதே மேலான காரியம் என்று கருதுகிறேன். 1908-இல் திட்டமிடப்பட்டு, ரோஜாக்களுக்காகவே பெயர்பெற்றுவிட்ட கோடைக்கானல் பிரயண்ட் பூங்காவில் அவ்விரண்டையும் ஒரே கொழுகொம்பில் ஏற்றிக் காட்டினால், மதுரையிலிருந்து கோடை விடுமுறைக்கு மலையேறும் குடும்பங்கள் அவற்றை அருகில் நின்று பார்க்கலாம்.